வேடம் வருமுன்பா, வந்த பின்பா? இசை நாடக நடிகர் தோற்றத்தை மாற்ற நினைக்கும்போது

மேலைநாட்டு மேடைகளின் மியூசிக்கல் எனப்படும் இசை நாடகத்தில் பாட்டும் ஆட்டமும் நடிப்பும் ஒரே உடம்பிலிருந்து வரவேண்டும். அதனாலேயே அந்த உடம்பைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமையை எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். "இன்னும் ஐந்து கிலோ குறைந்தால் நாயகி வேடத்துக்குப் பார்க்கலாம்" என்பார் ஆட்டம் சொல்லிக்கொடுப்பவர். "அந்த மூக்கோடு குணச்சித்திர வேடம்தான்" என்பார் ஏஜென்ட். முடியைச் சுருளாகவே விடாதே, பல்லைச் சரிசெய்துகொள், ஜிம்முக்குப் போ என்று கூடப் படித்தவர்களும் சொல்வார்கள். இத்தனையும் காதில் விழுவது பயிற்சி முடித்து ஆடிஷன்களுக்கு அலையும் இருபது, இருபத்திரண்டு வயதில். யார் சொன்னாலும் நம்பிவிடுகிற வயது அது.

அந்த வயதில் கண்முன் இருக்கும் வழிகள் நான்கு. எடையையும் உடற்கட்டையும் மாற்றுவது ஒன்று. ஊசி, அறுவை, பல் சிகிச்சை என்று மருத்துவரிடம் போவது இன்னொன்று. முடி, உடை, ஒப்பனை, புகைப்படம் ஆகியவற்றோடு நின்றுகொள்வது மூன்றாவது. உள்ள உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற வேடங்களைத் தேடிப்போவது நான்காவது. பெரும்பாலானவர்கள் இவற்றைக் கலந்துதான் செய்கிறார்கள். ஆனால் தனித்தனியாக எடைபோட்டுப் பார்க்காமல் கலப்பதால்தான், சின்ன விஷயத்துக்குப் பெரிய விலை கொடுத்துவிடுகிறார்கள்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேடம் கைக்கு வராதபோது, வந்தாலும் வரலாம் என்ற ஊகத்தை நம்பி, திரும்பப் பெறமுடியாத எந்த மாற்றத்தையும் உடம்பில் செய்யக் கூடாது. வேடம் வந்தபின் அதற்காகக் கேட்கப்படும் மாற்றத்தின் கணக்கு வேறு. அதற்கு ஓர் ஒப்பந்தம் இருக்கும், செலவை ஏற்க ஓர் ஆள் இருப்பார், அது முடியும் தேதியும் இருக்கும். ஊகத்தில் செய்த மாற்றத்துக்கு இவை எதுவும் கிடையாது. நான்கு வழிகளையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கப்போகிறேன்.

மேடை கேட்பதும் கேமரா கேட்பதும்

நியூயார்க்கின் பெயர்பெற்ற நாடக வட்டாரமான பிராட்வேயின் அரங்கு என்ற கணக்கில் ஓர் அரங்கு வரவேண்டுமானால் குறைந்தது 500 இருக்கைகள் வேண்டும். அங்குள்ள கெர்ஷ்வின் தியேட்டரில் 1,900-க்கும் மேல் இருக்கின்றன. இருபதாவது வரிசையில் இருப்பவருக்கு நடிகரின் தோள் எந்தக் கோணத்தில் நிற்கிறது, தலை எப்படித் திரும்புகிறது, நடை எவ்வளவு கனம் என்பதெல்லாம் தெரியும். கன்னத்துத் தழும்போ தாடையின் அரை சென்டிமீட்டரோ தெரியாது. மிச்சத்தை ஒப்பனையும் விளக்கும் பார்த்துக்கொள்ளும்.

முகத்தை மெருகேற்றச் சொல்லும் அழுத்தம் பெரும்பாலும் கேமராவிலிருந்து வருகிறது. 2020-க்குப் பிறகு முதல் சுற்று ஆடிஷன்கள் பெருமளவு செல்ஃப் டேப்புக்கு, அதாவது நடிகர் தானே பதிவுசெய்து அனுப்பும் காணொளிக்கு, மாறிவிட்டன. நெஞ்சுக்கு மேல் மட்டும் தெரிகிற சட்டத்துக்குள், தன் முகத்தைத் தானே திரும்பத் திரும்பப் பார்த்து, பிடிக்காததை அழித்து மறுபடி எடுக்கிறார்கள். சமூக ஊடகப் படங்கள் அதற்கு மேல். இப்படிக் கைபேசித் திரையில் கண்ட குறையை மேடையின் குறை என்று எண்ணி மருத்துவரிடம் ஓடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. விளக்கை இடம் மாற்றினால், கேமராவைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினால் பாதிக் குறை அங்கேயே தீர்ந்துவிடும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். தேர்வு பல நேரம் ஒப்பிட்டுப் பார்த்து நடப்பது. ஏற்கெனவே தேர்வான நாயகனின் உயரம், அப்பாவாக நடிப்பவரின் சாயல், விலகிப்போகும் நடிகரின் ஆட்டப் பகுதியில் யார் யாரைத் தூக்கவேண்டும் என்பவையெல்லாம் அதில் சேரும். ஆடிஷனுக்கு வருபவருக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. "தோற்றம் பொருந்தவில்லை" என்ற பதிலைக் கேட்டு ஒருவர் தன் உடம்பில் எதைத் திருத்துவார்? திருத்தவேண்டியது அவரிடம் இல்லாமலேயே இருக்கலாம்.

எடை

நான்கில் இதைத்தான் நிறைய பேசவேண்டும். அதிகம் பேர் போகும் வழி இது, ஆபத்து வெளியே தெரியாத வழியும் இது.

முதலில் இதன் நியாயமான பக்கம். பிராட்வேயிலும் லண்டனின் நாடக வட்டாரமான வெஸ்ட் எண்டிலும் வாரத்துக்கு எட்டுக் காட்சிகள் என்பது வழக்கம். குதிகால் உயர்ந்த காலணியோடு, சில இடங்களில் சரிவான மேடையில், ஆடிக்கொண்டே பாடவேண்டும். அதற்கு வலுவும் மூச்சும் தேவை. அவற்றுக்காக உடற்பயிற்சி செய்வது தொழிலின் பகுதி. அப்படிச் செய்யும்போது உடம்பு தானாக எந்த வடிவத்துக்கு வந்தாலும் அதை ஏற்றுக்கொள்ளலாம்.

கண்ணாடிக்காக எடை குறைக்கப் பட்டினி கிடப்பது வேறு. எரிக்கும் அளவுக்கு உண்ணாத உடம்பு தன் வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தத் தொடங்கும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், நிற்கும். எலும்பில் மயிரிழை விரிசல்கள் வரும். தூக்கமும் மனநிலையும் கெடும், காயம் ஆற நாளாகும். விளையாட்டு வீரர்களிடம் இந்த நிலையை விளக்கிச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் அறிக்கை வெளியிட்டது. ஆண்களுக்கும் இது வரும் என்பதை அந்த அறிக்கை தெளிவாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த ஒரு தொகுப்பாய்வு, நடனக் கலைஞர்களுக்கு உணவுக் கோளாறு நோய்கள் வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று கணித்தது. இசை நாடகத்தில் ஆடுகிறவர்கள் பயிலுவதும் அதே ஆட்டக்கூடங்களில்தான், அதே கண்ணாடிகளின் முன்தான்.

பாடகருக்கு இதற்கு மேலும் ஒரு இழப்பு உண்டு. சாப்பிட்டதை வாந்தியெடுத்துத் தள்ளும் பழக்கம் வயிற்று அமிலத்தைக் குரல்நாண் வரை கொண்டுவருகிறது. அங்கே வீக்கமும் கரகரப்பும் வரும், மேல் ஸ்தாயி முதலில் போகும். நீரை வெளியேற்றும் மாத்திரைகளால் தராசில் எண் இறங்கும், கூடவே தொண்டையும் வறளும். ஈரம் குறைந்த குரல்நாண் அதிர அதிக அழுத்தம் வேண்டும், அந்த அழுத்தமே நாளடைவில் காயமாகும். வயிற்றை எப்போதும் உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பழக்கத்தையும் இதில் சேர்க்கவேண்டும். தட்டையாகத் தெரிவதற்காக இறுக்கிய வயிறு மூச்சுக்கு இடம் தராது. மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடும், நீண்ட சங்கதி பாதியில் அறுந்துபோகும்.

இப்போது எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றிப் பேசாமல் இருக்கமுடியாது. செமாகுளுடைட் என்ற மருந்தை உடல் பருமன் சிகிச்சைக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-இல் ஏற்றது. மருத்துவக் காரணம் உள்ளவர்களுக்கு அது பெரும் உதவி, அவர்களைக் குறைசொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆரோக்கியமான எடையில் இருக்கும் ஓர் ஆட்டக்காரர் ஒரு ஆடிஷனுக்காக அதைத் தேடிப்போவதைத்தான் சொல்கிறேன். அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. குமட்டலும் எதுக்களிப்பும் அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகள். எடையோடு தசையும் சேர்ந்து குறையும். மருந்தை நிறுத்தியவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓர் ஆண்டுக்குள் திரும்பிவந்தது தெரிந்தது. நாடகம் ஓர் ஆண்டுக்கு மேல் ஓடினால் என்ன செய்வது?

இந்த அழுத்தம் எவ்வளவு பெரியவர்களையும் விட்டுவைத்ததில்லை. பக்கத்து வீடான ஓபராவில், அமெரிக்கப் பாடகி டெபோரா வாய்ட்டை 2004-இல் லண்டன் ராயல் ஓபரா ஹவுஸ் ஒரு தயாரிப்பின் நாயகி வேடத்திலிருந்து நீக்கியது. அவருடைய பெயர்பெற்ற வேடம் அது. இயக்குநர் தேர்ந்தெடுத்திருந்த கறுப்பு உடை அவருக்குப் பொருந்தாது என்பது காரணம். அதே ஆண்டு அவர் எடை குறைப்பு அறுவை செய்துகொண்டார். 2008-இல் அதே அரங்கில் அதே வேடத்தைப் பாடினார். இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வார்கள். எடை குறைந்தபின், முன்பு இயல்பாக வந்த மூச்சின் தாங்கலை யோசித்துச் செய்யவேண்டியிருக்கிறது என்று அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். உலகின் மிகப் பெரிய மேடைகளில் பாடிய ஒருவருக்கே இப்படியென்றால், நுட்பம் இன்னும் படியாத இளம் குரல் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மருத்துவரின் கத்தியும் ஊசியும்

இங்கே ஒவ்வொரு சிகிச்சையையும் தனியாகத்தான் எடைபோட வேண்டும். பொதுவாக நல்லது, கெட்டது என்று சொல்லமுடியாது.

தசையைத் தளர்த்திச் சுருக்கத்தை மறைக்கும் போடாக்ஸ் ஊசி சில நாட்களில் வேலை செய்யத் தொடங்கி மூன்று நான்கு மாதங்களில் மங்கிவிடும். திரும்பப் பெறக்கூடிய மாற்றம் என்ற வகையில் அது தேவலாம். ஆனால் புருவம் தூக்குவது பின்வரிசை வரை போய்ச்சேரும் நடிப்பு, நெற்றியை உறையவைத்துவிட்டு நகைச்சுவை செய்வது கடினம். கழுத்தில் புடைத்துத் தெரியும் தசைப் பட்டைகளில் அதைப் போடுவதற்கு நான் பாடகர் யாரையும் ஊக்கப்படுத்த மாட்டேன். அந்த மருந்து பரவினால் விழுங்குவதும் பேசுவதும் பாதிக்கப்படலாம். குரல்நாண் இறுகிப்போகும் ஒரு நோய்க்கு இதே மருந்தைத்தான் தொண்டைத் தசையில் ஏற்றுகிறார்கள். ஏற்றியபின் குரல் கொஞ்ச காலம் வெறும் காற்றாகப் போவது அந்த நோயாளிகளுக்குத் தெரிந்த விஷயம்.

மூக்கு அறுவையில் வீக்கம் முழுக்க வடிந்து இறுதி வடிவம் தெரிய ஓர் ஆண்டு ஆகலாம். மூச்சுப்பாதை சுருங்கினால் ம, ன, ங ஒலிகளும் அவற்றை ஒட்டிய கார்வையும் பாடுகிறவருக்கு மாறித் தெரியும். வளைந்த நடுச்சுவரால் மூச்சு அடைபடுகிறவர் அதைச் சரிசெய்துகொள்வது நல்ல முடிவுதான், அங்கே காரணம் மூச்சு. முழு மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் பல அறுவைகளில் குரல்நாண்களுக்கு நடுவே குழாய் செருகுவார்கள், சில நாள் கரகரப்பு சாதாரணம். பாடுவது உங்கள் தொழில் என்பதை மயக்க மருந்து தரும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வயிற்றுச் சதையை இறுக்கும் அறுவைக்குப் பிறகு முழு மூச்சோடு பாட மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

பல்லில் இரண்டு வகை. கழற்றி மாட்டும் கிளிப்பை ஒரு நாளில் இருபது மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்க வேண்டும். முதல் சில வாரம் ஸகரம் சீறும். ஆனால் மேடைக்குக் கழற்றிவிடலாம். பல்லின் எனாமலைச் செதுக்கி மேலே ஒட்டும் தகட்டில் செதுக்கியது திரும்பாது. நான் முதலாவதை யோசிக்கச் சொல்வேன், இரண்டாவதற்கு அழகு மட்டுமே காரணமென்றால் வேண்டாம் என்பேன்.

முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெடினாயின் மாத்திரையையும் குறிப்பிடவேண்டும். உதடு, மூக்கு உட்பட ஈரச் சவ்வுகளை வறளச் செய்யும் மருந்து அது. கருவுக்குக் கடும் தீங்கு செய்யும் என்பதால் கருத்தடை உறுதியில்லாமல் பெண்களுக்குத் தரமாட்டார்கள். கடும் பரு உள்ளவர்களுக்கு வேறு வழியில்லாதபோது தோல் மருத்துவர் தரலாம். அப்போதும் அடுத்த சில மாதங்களில் என்ன பாடவேண்டியிருக்கிறது என்பதை அவரிடம் சொல்லித்தான் தொடங்கவேண்டும்.

முடி, உடை, படம்

இந்த வழியைப் பலரும் அற்பமாக நினைக்கிறார்கள். போட்ட உழைப்புக்குக் கிடைக்கும் பலனைப் பார்த்தால் நான்கில் இதுதான் முதலிடம் என்பேன்.

பெரிய தயாரிப்புகளில் பெரும்பாலும் விக் உண்டு. சொந்த முடியைச் சுருட்டி ஒட்டப் பின் குத்தி, வலைத்தொப்பி போட்டு, அதற்குமேல் விக். நெற்றி ஓரத்தில் மைக் ஒளிந்திருக்கும். ஆகவே எந்த வேடத்துக்கும் முடியை நிரந்தரமாக நேராக்கிக்கொள்ள அவசியமில்லை. சுருள் முடியை நேராக்கச் சொல்லும் வழக்கம் கறுப்பினக் கலைஞர்களை நெடுங்காலம் வாட்டியது. அவர்களுடைய முடியைக் கையாளத் தெரிந்தவர்கள் விக் அறையில் வேண்டும் என்ற குரல் 2020-இல் பலமாக எழுந்தது. முடியின் இயல்பையும் பின்னல் வகைகளையும் காரணம் காட்டி வேலையில் பாகுபாடு செய்வதைக் கலிஃபோர்னியா 2019-இல் சட்டத்தால் தடுத்தது.

ஆடிஷனுக்கு அனுப்பும் முகப்படமான ஹெட்ஷாட் விஷயத்தில் ஒரே விதி. கதவைத் திறந்து உள்ளே வருபவர் படத்தில் இருப்பவராக இருக்கவேண்டும். அமெரிக்காவில் அதன் அளவு எட்டுக்குப் பத்து அங்குலம். படம் எடுத்த அன்று வந்த பருவை அழிக்கலாம், நிரந்தரமான மச்சத்தையோ தழும்பையோ அழிக்கக் கூடாது. மூக்கைச் சுருக்கி, தாடையைக் கூர்மையாக்கி அனுப்பிய படம் அழைப்பு வாங்கித்தரலாம். அறைக்குள் நுழைந்த நொடியில் எதிரே இருப்பவர் முகத்தில் தெரியும் ஏமாற்றத்தைத் தாங்கிக்கொண்டு பாடவேண்டியது நீங்கள்தான்.

உடைக்குச் சுருக்கமாக: உடம்பின் கோடு தெரியவேண்டும், அசையமுடிய வேண்டும், வேடத்தின் சாயல் இருக்கலாம், வேடமே போட்டுவரக் கூடாது. முதல் சுற்றுக்கு அணிந்ததையே அடுத்த சுற்றுக்கும் அணியுங்கள், நினைவில் நிற்க உதவும்.

உள்ளபடியே நிற்பது

இதை வீரமாக மட்டும் பேசுவது நேர்மையாகாது. இதற்கும் விலை இருக்கிறது.

பருத்த நடிகைக்குத் தோழி, அம்மா, சிரிப்பு வேடம் என்ற மூன்று கதவுகள்தான் நெடுங்காலம் திறந்திருந்தன. கதவு அகலும் தருணங்கள் உண்டு. 2002-இல் பிராட்வேக்கு வந்த 'ஹேர்ஸ்ப்ரே' ஒரு பருத்த பெண்ணையே நாயகியாக வைத்தது. அந்த வேடத்தில் நடித்த மரிசா ஜாரெட் வினோகூர் 2003-இல் பிராட்வே நாடகங்களுக்குத் தரப்படும் டோனி விருதை, இசை நாடகத்தில் சிறந்த நடிகை என்ற பிரிவில் பெற்றார். சக்கர நாற்காலியில் இயங்கும் அலி ஸ்ட்ரோக்கர் 2019-இல் டோனி விருது பெற்றபோது, அந்த விருதைப் பெற்ற முதல் சக்கர நாற்காலிப் பயனர் அவர்தான். இந்தப் பெயர்களை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. எதிர்பாராத வேடம் எழுதப்படும் நாளில் அதற்கேற்ற உடம்பும் தேய்ந்துபோகாத குரலும் உள்ளவர் அங்கே இருக்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். உடம்பை ஊகத்தின் பேரில் மாற்றிக்கொண்டவர் அந்த வரிசையில் இருக்கமாட்டார். மாறிய உருவத்துக்கான வரிசையிலோ ஏற்கெனவே நூறு பேர் நிற்பார்கள்.

சட்டமும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. உயரம், எடை காரணமாக வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று மிச்சிகன் மாநிலம் 1976-லேயே சட்டம் செய்தது. நியூயார்க் நகரம் 2023-இல் அப்படியொரு சட்டம் இயற்றி அந்த நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பிராட்வே இருப்பது அந்த நகரத்தில்தான். வேடத்தேர்வில் தோற்றத்தைப் பார்ப்பதை இது அடியோடு மாற்றிவிடாது. ஆனால் தேர்வான பிறகு "எடை ஏறிவிட்டாய்" என்று ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் சொல்லும் பழக்கத்தை இனி யாரும் இயல்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

யாருக்கு எது

ஒரே மாதிரி உடையில் குழுவாக ஆடும் வேலையை நாடுகிறவருக்கு உடற்தகுதிப் பயிற்சியும் மூன்றாவது வழியும் போதும். அங்கே உருவ ஒற்றுமை கேட்கும் தயாரிப்புகள் இருக்கும், அவற்றில் சிலவற்றை விட்டுவிடவேண்டியும் வரும். வலுத்த குரலும் தனித்த முகமும் உள்ளவர் நான்காவது வழியில் நிற்பதே லாபம், முப்பது வயதுக்குமேல் வேடங்கள் அவரைத் தேடிவரும். பொறுமைதான் அங்கே செலவு. முகத்தில் ஏதோ ஒன்று பள்ளி நாட்களிலிருந்தே மனதை அரித்துக்கொண்டிருக்கிறது, மேடையே இல்லாவிட்டாலும் அதை மாற்றியிருப்பேன் என்று சொல்கிறவர் மருத்துவரிடம் போகட்டும். காரணம் அவருடையது, பலனும் அவருடையது. சாப்பாட்டைப் பற்றிய எண்ணம் நாளின் பாதியை எடுத்துக்கொள்கிறது என்றால் அவர் எந்த வழியையும் ஒப்பிட வேண்டாம். முதலில் உணவுக் கோளாறுகளைப் பார்க்கும் மருத்துவரிடம் போகவேண்டும், ஆடிஷன்கள் காத்திருக்கும்.

வேடம் கிடைத்தபின் மாற்றம் கேட்டால் அதைப் பேச்சோடு விடாதீர்கள். எதை மாற்றவேண்டும், யார் செய்வார்கள், பராமரிப்புச் செலவு யாருடையது, ஒப்பந்தம் முடிந்ததும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு யாருடையது என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். முடிக்குச் சாயம் போடச் சொன்னால் வேரில் பழைய நிறம் தெரியும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி வரும். ஒப்பந்தக் காலத்தில் அனுமதியின்றித் தோற்றத்தை மாற்றக் கூடாது என்ற விதியும் வழக்கமாக இருக்கும், புதிதாகப் பச்சை குத்திக்கொள்ளும் முன் அதைப் படித்துவிடுங்கள். எடையைக் குறைக்கச் சொல்லி யாராவது கேட்டால், அதையும் எழுத்தில் தரமுடியுமா என்று அமைதியாகக் கேளுங்கள். பெரும்பாலும் தரமாட்டார்கள். தந்தால், கையெழுத்துப் போடுவதற்குமுன் அந்தத் தாளைத் தொழிற்சங்கத்திடமும் உங்கள் மருத்துவரிடமும் காட்டுங்கள்.